வறுமை காத்த கோபுரங்கள்

இத்தாலி நாட்டின் தஸ்கனி மாநிலத்திலே, புளோரன்ஸ் நகரிலிருந்து தென்மேற்குத் திசையாகச் செல்லும் ஒருவர், திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் நிறைந்த குன்றுகளுக்கிடையே, ஒரு குன்றின் உச்சியில் கற்கோபுரங்கள் பல நெருங்கி நிற்கும் காட்சியைத் தொலைவிலேயே காண்பர். அதுவே சான் ஜிமிஞானோ. கடல்மட்டத்திலிருந்து 324 மீற்றர் உயரத்திலே, இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட மதிலுக்குள் அடங்கிய சிற்றூர். கோபுரம் என்றதும் தமிழர் உள்ளத்திலே தோன்றுவது கோயில் வாயில். இவ்வூர்க் கோபுரங்களோ தெய்வத்துக்காக எழுந்தவை அல்ல. ஒரு செல்வர் தம் அயலவரான மற்றொரு செல்வருக்கு அஞ்சியும், அவரை அஞ்சுவிக்க விரும்பியும் எழுப்பியவை. முன்னாளில் 72 கோபுரங்கள் இருந்தன என்பது மரபு. இன்று எஞ்சியிருப்பவை 14 அளவில்.

ஓர் ஊரிலே இத்துணைக் கோபுரங்கள் இருந்தமை வியப்பன்று. மத்திய காலத்தில் இத்தாலிய நகரங்கள் பலவும் இக்கோலமே கொண்டிருந்தன. புளோரன்சில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை நின்றன. அங்கெல்லாம் பெரும்பாலானவை குறைக்கப்பட்டும் இடிக்கப்பட்டும் மறைந்தொழிந்தன. இந்தச் சிற்றூரில் மாத்திரம் அவை எங்ஙனம் தப்பின என்பதே ஆராயத்தக்கது.

இவ்வூரை வளர்த்தது ஒரு வீதி. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள நாடுகளிலிருந்து உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர் நடந்த பெருவழி அது. பிராங்கியரின் நாட்டிலிருந்து வருவதால் 'வியா பிராஞ்சிஜேனா' எனப் பெயர் பெற்றது. கி.பி. 990ஆம் ஆண்டளவிலே, இங்கிலாந்தின் கந்தர்பரி அதிமேற்றிராணியார் சிஜெரிக் உரோமையிலிருந்து ஊர் திரும்பியபோது, தாம் தங்கிய இடங்களையெல்லாம் வரிசையாகக் குறித்து வைத்தார். அக்குறிப்பிலே சான் ஜிமிஞானோவும் இடம்பெற்றுள்ளது. மொடேனா நகரின் மேற்றிராணியாராயிருந்த புனித ஜெமினியானுஸின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. பெருவழி தெற்கே சான் ஜொவான்னி வாயிலால் உட்புகுந்து, ஊரின் நடுவே ஓடி, வடக்கே சான் மத்தேயோ வாயிலால் வெளியேறியது. ஊர் பெருகப் பெருகப் பழைய மதில் போதாதாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் அதற்கு வெளியே புதிய மதில் எழுந்தது. பழைய மதிலின் வாயில் வளைவுகள் இன்றும் ஊர் நடுவே, வீதியின் குறுக்கே நிற்கின்றன. மரத்தின் வயதை உள்வளையங்கள் காட்டுவதுபோல அவ்வளைவுகள் ஊரின் வளர்ச்சியைக் காட்டுகின்றன.

நெடுங்காலம் வொல்தேரா மேற்றிராணியாரின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஊரார், 1199ஆம் ஆண்டிலே தமக்கெனத் தலைமை அதிகாரி ஒருவரை அமர்த்தித் தன்னாட்சி பெற்றனர். வழிப்போக்கரால் வந்த வருவாயோடு குங்குமப்பூ வாணிகமும் அவர்களைச் செல்வராக்கிற்று. குங்குமப்பூ பயிராவது எளிதன்று. ஊதாநிறப் பூ ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று செந்நிற இழைகள். அவற்றைக் கையாற் கிள்ளியெடுத்து உலர்த்தல் வேண்டும். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டியிருக்கும். உணவுக்கும் மருந்துக்கும் சாயத்துக்கும் உதவிய இச்சரக்கு நாணயத்துக்கு நிகராக மதிக்கப்பட்டது. 1228ஆம் ஆண்டில், போர்ச் செலவால் ஏற்பட்ட கடனில் ஒரு பகுதியை ஊராட்சி குங்குமப்பூவாகவே கொடுத்துத் தீர்த்தது.

அச்செல்வமே கோபுரங்களாக உயர்ந்தது. ஒவ்வொன்றும் தடித்த கற்சுவரும் மிக ஒடுங்கிய உள்ளிடமும் கொண்டது; வசதியாக வாழ்வதற்கு ஏற்றதன்று. அதனால் வெளிப்புறத்தில் மரத்தாழ்வாரங்களை இணைத்துக்கொண்டனர். அவற்றின் உத்திரங்களைச் செருகிய துளைகளைச் சுவர்களில் இன்றும் காணலாம். கலகம் மூண்டால் ஏணியை மேலே இழுத்துவிடுவர், கோபுரம் கோட்டையாகிவிடும். அமைதிக் காலத்திலோ அது குடும்பப் பெருமையின் அளவுகோல். போட்டி எல்லை மீறவே, எந்தத் தனியார் கோபுரமும் 51 மீற்றர் உயரமான ரொஞோசா கோபுரத்தை விஞ்சலாகாது என 1255ஆம் ஆண்டு ஊர்ச்சட்டம் விதித்தது. சல்வுச்சிக் குடும்பத்தார் அருகருகே இரட்டைக் கோபுரம் கட்டிச் சட்டத்தை மீறாமலே வீறாப்பைக் காட்டிக்கொண்டனர் என்பது கதை. ஊராட்சி தனக்கென எழுப்பிய பெருங்கோபுரம் 1311ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அதன் உயரம் 54 மீற்றர்.

அப்பெருங்கோபுரத்தின் அடியிலுள்ள ஊராட்சி மாளிகைக்கு, 1300ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, புளோரன்சின் தூதுவராக வந்தார் ஒருவர். பாப்பரசரை ஆதரித்த குவெல்பு கட்சி நகரங்கள் ஒன்றுகூட வேண்டுமென அவர் உரையாற்றினார். அவரே மகாகவி தாந்தே. அவர் பேசிய மண்டபம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஒற்றுமை வேண்டிப் பேசிய அக்கவிஞரே இரண்டாண்டுகளில், 1302இல், தம் சொந்த நகரின் உட்பகையால் நாடு கடத்தப்பட்டார்.

அவர் பேச்சைக் கேட்ட ஊரும் உட்பகையினின்று நீங்கவில்லை. ஆர்திங்கெல்லிக் குடும்பத்தார் குவெல்பு கட்சியினர். சல்வுச்சிக் குடும்பத்தார் பேரரசரை ஆதரித்த கிபெல்லின் கட்சியினர். பாப்பரசர், பேரரசர் என்ற பெயர்கள் வெறும் போர்வையே. உண்மையில் அது இரு வீட்டாரின் பகை. இந்நிலையில் 1348ஆம் ஆண்டில் ஐரோப்பா முழுவதையும் சூறையாடிய கொள்ளைநோய் இம்மதிலையும் கடந்து உள்ளே புகுந்தது. ஊராரிற் பாதிப்பேரளவில் மாண்டனர். பகை மாத்திரம் மாளவில்லை! 1352இல் ஆர்திங்கெல்லிக் குடும்பத்து இளைஞர் இருவர் சிரச்சேதம் செய்யப்பட்டனர்; அதற்குப் பழிவாங்குமுகமாகச் சல்வுச்சிகளின் வீடுகள் தீக்கிரையாயின. தன்னைத்தானே ஆளும் வலிமை இழந்த ஊர், 1353ஆம் ஆண்டில் புளோரன்சின் ஆட்சிக்குத் தன்னை ஒப்படைத்தது. நூற்றைம்பது ஆண்டுச் சுதந்திரம் அத்துடன் முடிந்தது. ஊரின் உச்சியிலே புளோரன்ஸ் ஒரு கோட்டையை எழுப்பியது. வெளிப்பகைவரைத் தடுக்க மட்டுமல்ல, ஊராரைக் கண்காணிக்கவுமே அது என்று கொள்ளலாம்.

பின்னர் யாத்திரிகர் வழியும் மாறியது. குன்றேறி இறங்குவதை விடுத்து, எல்சா ஆற்றுப் பள்ளத்தாக்கின் சமவெளியினூடே பயணிகள் செல்லலாயினர். வீதியால் வளர்ந்த ஊர் வீதியாற் கைவிடப்பட்டது. 1563ஆம் ஆண்டில், புளோரன்சை ஆண்ட முதலாம் கோசிமோ, சான் ஜிமிஞானோவுக்கென எவ்வகைச் செலவும் செய்யலாகாது என்று கட்டளையிட்டார். கோபுரங்கள் தப்பிய காரணம் இங்கேதான் உள்ளது. செல்வம் பெருகிய நகரங்களில், கோபுரங்களை இடித்துவிட்டு மறுமலர்ச்சிக்கால மாளிகைகளை எழுப்பினர், வீதிகளை அகலமாக்கினர். இங்கே அதற்குப் பணமில்லை. இடிப்பதற்கும் பணம் வேண்டுமன்றோ? பழுதுற்ற சில கோபுரங்கள் காலப்போக்கில் வீழ்ந்தன; ஏனையவை இருந்தபடியே இருந்தன. அழகுணர்ச்சியாற் போற்றிக் காத்தனர் என்று கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும்.

எனினும் கலை இவ்வூரை முற்றாகக் கைவிடவில்லை. 1464இல் புளோரன்சிலே கொள்ளைநோய் பரவ, ஓவியர் பெனோசோ கொசோலி இங்கு வந்து, புனித அகுஸ்தீன் ஆலயச் சுவர்களில் அப்புனிதரின் வாழ்க்கையை வரைந்தார். சில ஆண்டுகளின் பின் வந்த கிர்லாந்தாயோ, ஊரின் தலைமை ஆலயத்திலே பீனா என்னும் சிறுமியின் கதையைத் தீட்டினார். பீனா இவ்வூரில் ஏழ்மையில் வாழ்ந்தவள். கொடிய நோயுற்று, மெத்தையை வேண்டாமென ஒதுக்கி, வெறும் பலகையிலே ஆண்டுக்கணக்கிற் படுத்திருந்து, 1253ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி இறந்தாள். அன்று அவள் கிடந்த பலகையிலே மலர்கள் பூத்தன என்றும், ஊர் மணிகள் தாமே ஒலித்தன என்றும் மக்கள் நம்பினர். கிர்லாந்தாயோவின் ஓவியத்தில் அவளது இறுதிச்சடங்கின் பின்னணியாக இவ்வூர்க் கோபுரங்களே நிற்கின்றன. ஆண்டுதோறும் மார்ச் மாதத்திலே மதில்களின் வெடிப்புகளிலும் கோபுரங்களின் கல்லிடுக்குகளிலும் மஞ்சள் நிறக் காட்டுமலர்கள் பூக்கின்றன. ஊரார் அவற்றைப் புனித பீனாவின் பூக்கள் என்பர். ஊரின் பாதுகாவலர்களுள் ஒருவராக அவர்கள் நினைவுகூர்வது, கோபுரம் கட்டிய பிரபு எவரையுமன்று, பதினைந்து வயதில் இறந்த அந்த ஏழைச் சிறுமியையே.

1990ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் இவ்வூரை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. மறந்துபோன வீதிக்குப் பதிலாக இன்று உல்லாசப் பயணிகள் வெள்ளமென வருகின்றனர். வருவாய் மீண்டது, ஆனால் மதிலுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்போர் குறைந்துவிட்டனர். பலர் குன்றின் அடிவாரத்துப் புதிய குடியிருப்புகளுக்குச் சென்றுவிட, வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. கல்லும் ஓய்ந்திருக்கவில்லை: 2018ஆம் ஆண்டில் மதிலின் ஒரு பகுதி இடிந்து சரிந்தது, செலவிட்டே அதைச் செப்பனிட வேண்டியதாயிற்று.

ஊர் நடுவிலே கிணற்றுச் சதுக்கம் ஒன்று உண்டு. 1273ஆம் ஆண்டில் அமைந்த அக்கிணற்றின் கல் விளிம்பிலே ஆழமான தடங்கள் பல தெரிகின்றன. கோபுரத்துப் பெரியோருக்கும் வழிப்போக்கருக்கும் நீர் மொண்டு கொடுத்தோர், தலைமுறை தலைமுறையாக இழுத்த கயிறு தேய்த்த தடங்கள் அவை.