நீர்த்தரக் கண்காணிப்புத் தரவுப் பகிர்வு

நீர்த்தரக் கண்காணிப்புத் தரவுப் பகிர்வு என்பது ஆறு, ஏரி, கிணறு, குடிநீர்க் குழாய் முதலியவற்றில் இருந்து எடுக்கப்படும் நீர் மாதிரிகளின் ஆய்வு முடிவுகளை ஓர் அமைப்பு பிற அமைப்புகளுடனும் பொதுமக்களுடனும் பகிர்ந்துகொள்வதைக் குறிக்கும். அம்முடிவுகளைப் பெறவும் பகுப்பாய்வு செய்யவும் உதவும் கருவிகள், மென்பொருட்கள், செய்முறைகள் ஆகியவற்றின் பகிர்வும் இதில் அடங்கும். நீர்த்துறை வல்லுநர்களின் மாநாடுகள் இப்பகிர்வு நிகழும் முதன்மையான களங்களுள் ஒன்றாகும். எனினும் மாநாட்டில் ஒரு வரைபடத்தைக் காட்டுவதும், தரவைப் பகிர்வதும் ஒன்றல்ல. ஓர் அளவீடு எங்கே, எப்போது, எம்முறையில், எந்த அலகில் பெறப்பட்டது என்ற குறிப்புகளுடன் வழங்கப்பட்டால் மட்டுமே பிறர் அதனைப் பயன்படுத்த இயலும்.

தேவை

நீரோட்டம் நிர்வாக எல்லைகளை மதிப்பதில்லை. ஆனால் நீரை அளவிடும் பொறுப்பு நிர்வாக எல்லைகளின்படியே பிரிக்கப்பட்டுள்ளது. தரவுப் பகிர்வின் தேவை இம்முரணில் இருந்தே எழுகின்றது.

எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி வட்டத்தில் உள்ள நசரத்பேட்டையைக் கொள்ளலாம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இவ்வூர்ப் பகுதியில் சந்திக்கின்றன. ஊரின் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியும், வடக்கே சற்றுத் தொலைவில் கூவம் ஆறும் உள்ளன. ஏரியின் உபரி நீர் அடையாற்றைச் சென்றடைகின்றது. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி ஆகும். மழைநீருடன், பூண்டியில் இருந்து இணைப்புக் கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் இதற்கு வந்து சேர்கின்றது. நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுடைய நிலையம் ஒன்று 2007 ஆம் ஆண்டு முதல் செம்பரம்பாக்கத்தில் இயங்கி வருகின்றது.

இத்தகைய சிறு நிலப்பரப்பின் நீரைப் பற்றிய விவரங்கள் பின்வரும் அமைப்புகளின் பணிகளிடையே பிரிந்து கிடக்கின்றன:

- சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் (1978): நகருக்கு வழங்கப்படும் குடிநீர்
- தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் (1971): ஊரகக் குடிநீர் ஆதாரங்கள்
- தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் (1982): ஆறுகள், ஏரிகள், தொழிற்சாலைக் கழிவுநீர்
- தரமணியில் உள்ள, மாநில நீர்வளத் துறையின் நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வளத் தரவு மையம்: கண்காணிப்புக் கிணறுகள்
- மத்திய நிலத்தடி நீர் வாரியம்: தேசியக் கண்காணிப்புக் கிணறுகள்

இவை தவிர, பொறியியல் கல்லூரி மாணவர்கள் தம் பட்டப்படிப்புச் செயற்திட்டங்களுக்காக எடுக்கும் மாதிரிகளும் உண்டு. அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் கல்லூரி நூலகத்தில் வைக்கப்படும் அறிக்கையுடன் நின்றுவிடுகின்றன.

ஒரு பகுதியின் நிலத்தடி நீரில் நைட்ரேட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறிவருகின்றது எனக் கொள்வோம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மாதிரி எடுக்கும் ஓர் அமைப்பின் அட்டவணையில் இவ்வேற்றம் பருவகால ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடக்கூடும். பல அமைப்புகளின் அளவீடுகள் ஒன்றுசேர்ந்தால் அது தெளிவாகத் தெரியவரும். இல்லையெனில், அந்நீரைக் குடிப்பவர்களுக்கு அது தெரியாமலே போகும்.

வரலாறு

உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் 1970களின் இறுதியில் உலகளாவிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. இத்திட்டத்தின் தரவுத்தளம் தற்போது செருமனியின் கோப்லென்சு நகரில் உள்ள கூட்டாட்சி நீரியல் நிறுவனத்தில் பேணப்படுகின்றது. இந்தியாவில் 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. இவ்வாரியம் உலகத் திட்டத்தில் இணைந்ததுடன், 1984 இல் உள்நாட்டு நீர்நிலைகளுக்கான தனிக் கண்காணிப்புத் திட்டத்தையும் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 4,000 க்கும் மேற்பட்ட இடங்களில் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன.

உலக வங்கியின் உதவியுடன் 1995 இல் தொடங்கிய நீரியல் திட்டம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் நீரியல் தரவுகளைக் கணினிமயமாக்கியது. ஒவ்வொரு துறையும் தன் விருப்பப்படி அளவிட்டு வந்த நிலையை மாற்றும் நோக்குடன், நடுவண் அரசு 2005 இல் நீர்த்தரக் கண்காணிப்புக்கான சீரான நெறிமுறை ஆணையை வெளியிட்டது. அதே ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பொது நிதியில் திரட்டப்படும் தரவுகளைப் பொதுவில் வைக்க வழிசெய்யும் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012 இல் அறிவிக்கப்பட்டது. தேசிய நீர்த் தகவலியல் மையம் 2018 இல் நிறுவப்பட்டது. 2019 இல் தொடங்கிய சல் சீவன் இயக்கத்தின் கீழ், ஊரகக் குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளுக்கான இணையவழித் தகவல் அமைப்பு 2021 இல் செயற்பாட்டுக்கு வந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சி, மாநில, பழங்குடி, தன்னார்வ அமைப்புகளை ஒன்றிணைக்கும் தேசிய நீர்த்தரக் கண்காணிப்பு மன்றம் 1997 இல் உருவானது. இதன் முதல் தேசிய மாநாடு 1998 இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் நடைபெற்றது. அதன் பின் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்மாநாடு கூடுகின்றது. அரசு அறிவியலாளர்களும் ஏரிக்கரையில் மாதிரி எடுக்கும் தன்னார்வலர்களும் ஒரே அரங்கில் தம் கருவிகளையும் தரவுகளையும் முன்வைப்பது இதன் சிறப்பு. இம்மன்றமும், ஐக்கிய அமெரிக்க நிலவியல் ஆய்வகமும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இணைந்து 2012 இல் பொது நீர்த்தர வலைவாசலை நிறுவின. பல அமைப்புகளின் தரவுகளை ஒரே வடிவில் இதிலிருந்து தரவிறக்கலாம்.

மேல்நிலைத் தரவு

தரவைப் பற்றிய தரவு மேல்நிலைத் தரவு எனப்படும். நீர்த்தரத்தைப் பொறுத்தவரை இது ஓர் இணைப்பு அல்ல. அளவீட்டின் பொருளையே தீர்மானிப்பது. பின்வரும் எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும்.

நைட்ரேட்டின் அலகு: நைட்ரேட்டை நைட்ரேட்டாகவோ அதிலுள்ள நைட்ரசனாகவோ குறிக்கலாம். முதல் எண் இரண்டாவதைப் போல் ஏறத்தாழ 4.43 மடங்காகும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 இன் வரம்பு, நைட்ரேட்டாக லிட்டருக்கு 45 மில்லிகிராம். அமெரிக்க வரம்பு, நைட்ரசனாக 10 மில்லிகிராம். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே அளவே. ஓர் அட்டவணையில் "நைட்ரேட்டு: 20" என்று மட்டும் இருந்தால், அது வரம்பிற்குள் அடங்கிய நீராகவும் இருக்கலாம், வரம்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உடைய நீராகவும் இருக்கலாம். கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறனை மிகையான நைட்ரேட்டு குறைக்கும் என்பதால், இக்குழப்பம் வெறும் எழுத்துப் பிழை ஆகாது.

உயிரிவேதி ஆக்சிசன் தேவை: இந்தியாவில் இது 27 பாகை செல்சியசில் 3 நாட்கள் வைத்து அளக்கப்படுகின்றது. பல நாடுகளில் 20 பாகையில் 5 நாட்கள் என்பதே வழக்கம். பழைய இந்திய அறிக்கைகளிலும் 5 நாள் முறை காணப்படும். முறை குறிப்பிடப்படாவிட்டால் ஒப்பீடு ஐயத்திற்கு உரியதாகும்.

கரைந்த ஆக்சிசன்: பாசி மிகுந்த ஏரியில் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் கரைந்த ஆக்சிசன் மிகுந்தும், இரவு முழுவதும் சுவாசத்தால் செலவாகி விடியற்காலையில் குறைந்தும் இருக்கும். எனவே நாள் மட்டும் அன்றி நேரமும் பதியப்பட வேண்டும்.

கண்டறியப்படாமை: ஒரு பொருள் கண்டறியப்படவில்லை என்பது அது அறவே இல்லை என்பதாகாது. பயன்படுத்திய முறையின் கண்டறியும் எல்லைக்குக் கீழ் உள்ளது என்பதே அதன் பொருள். அதனைச் சுழியம் எனப் பதிந்தால் சராசரி தவறாகக் குறைந்துவிடும்.

இடம்: பழைய நில அளவைத் துறை வரைபடங்கள் எவரெசுட்டு நீளுருண்டையை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய புவியிடங்காட்டிகள் வேறோர் அடிப்படையைப் பின்பற்றுகின்றன. இரண்டையும் மாற்றாமல் கலந்தால் ஒரு கிணறு நூறு மீட்டருக்கும் மேல் இடம் பெயர்ந்து காட்டப்படும். ஏரிக்கரைக் கிணறு ஏரிக்குள் இருப்பதாகவும் தோன்றலாம்.

மாநாடுகளில் பகிர்வு

மாநாடுகளில் தரவுகளும் கருவிகளும் பொதுவாக நான்கு வகைகளில் பகிரப்படுகின்றன.

1. கட்டுரை வாசிப்பு: குறைந்த நேரத்தில் முடிவுகளை எடுத்துரைப்பது. தரவு அரிதாகவே உடன் வழங்கப்படும்.
2. சுவரொட்டி அமர்வு: ஆய்வாளரும் பார்வையாளரும் நேரில் உரையாட ஏற்றது. செய்முறை நுணுக்கங்கள் பெரும்பாலும் இங்கேயே கைமாறுகின்றன.
3. பயிலரங்கு: மென்பொருளையோ களக் கருவியையோ பங்கேற்பாளர்கள் தாமே இயக்கிப் பழகுவது.
4. ஒப்பீட்டு ஆய்வு: ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே ஆய்ந்து, முடிவுகளின் வேறுபாட்டைக் கூடி ஆராய்வது.

இந்தியாவில் 1968 இல் நிறுவப்பட்ட இந்திய நீர்ப்பணிக் கழகத்தின் ஆண்டு மாநாடு குடிநீர்ப் பொறியாளர்கள் கூடும் களமாகும். நடுவண் அரசின் இந்திய நீர் வாரம் 2012 இல் முதன்முறையாகப் புதுதில்லியில் நடைபெற்றது. சுவீடனின் சுடாக்கோம் நகரில் உலக நீர் வாரம் 1991 முதல் நடைபெற்று வருகின்றது.

மாநாட்டுக் கட்டுரையுடன் மூலத் தரவை இணைத்து வழங்குவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரைக் கோப்பு, ஒவ்வொரு நிரலையும் விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு, மாதிரி இடங்களின் நிலையான அடையாள எண்கள், பயன்பாட்டு உரிமம் ஆகிய நான்கும் போதுமானவை. அட்டவணையைப் படமாகவோ அச்சிட்ட தாளை வருடியோ தருவது படிப்பவருக்குப் பயன்பட்டாலும், கணினி வழிப் பகுப்பாய்விற்கு ஏற்றதன்று.

கருவிகள்

களக் கருவிகள்: பகிர்வினால் பரவிய கருவிக்கு இந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. குடிநீரில் மலக்கலப்பைக் கண்டறிய மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கிய எளிய சோதனை முறை, 1982 இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியானது. சிறு குப்பியில் நீரை நிரப்பி வைத்தால், மலக்கலப்போடு தொடர்புடைய நுண்ணுயிரிகள் ஐதரசன் சல்பைடை உண்டாக்கி நீரைக் கருமையாக்கும். செய்முறை முழுமையாக வெளியிடப்பட்டதால், ஆய்வகம் இல்லாத ஊர்களிலும் பல நாடுகளிலும் இதனைத் தயாரித்துப் பயன்படுத்த முடிந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் களப் பரிசோதனைப் பெட்டி, நிற மாற்றத்தை வண்ண அட்டையுடன் ஒப்பிட்டுப் புளூரைடு, நைட்ரேட்டு, இரும்பு, எஞ்சிய குளோரின் முதலியவற்றைத் தோராயமாக அறிய உதவுகின்றது. சல் சீவன் இயக்கத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய பெட்டிகளைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உள்ளது.

மென்பொருட்கள்: புள்ளியியல் பகுப்பாய்விற்கான ஆர் நிரலாக்க மொழி, புவியியல் தகவல்களுக்கான கியூஜிஸ், தரவுத்தளத்திற்கான போசுட்கிரசு ஆகியவை கட்டற்ற மென்பொருட்கள் ஆகும். எவரும் உரிமக் கட்டணம் இன்றி இவற்றைப் பயன்படுத்தலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் தன் நீர்த்தரவைத் தரவிறக்கும் நிரல்தொகுதியைத் திறந்த மூலமாக வழங்கியுள்ளது. திறந்த புவிவெளிக் கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட வாட்டர்எம்எல் 2.0, கால வரிசையில் அமைந்த நீரியல் அளவீடுகளைப் பரிமாறிக்கொள்வதற்கான சீர்தரம் ஆகும்.

தடைகளும் கருத்து வேறுபாடுகளும்

தரவைப் பகிரத் தயங்குவோர் கூறும் காரணங்கள் பல. சரிபார்க்கப்படாத எண் வெளியானால் தேவையற்ற பீதி எழும் என்பது ஒன்று. மாசு பற்றிய அளவீடுகள் வழக்குகளில் சான்றாகலாம் என்பது மற்றொன்று. தனியார் கிணற்றின் முடிவு வெளியானால் நிலத்தின் மதிப்பு பாதிக்கப்படும் என்ற அச்சமும் உண்டு. உழைத்துத் திரட்டிய தரவைப் பிறர் முந்தி வெளியிட்டுவிடுவர் என்பது ஆய்வாளர்களின் கவலை.

இவற்றுள் சில நியாயமானவை, தீர்வும் உடையவை. சரிபார்ப்பு நிலையை ஒவ்வோர் எண்ணுடனும் குறிப்பிடலாம். தனியார் கிணற்று உரிமையாளரின் பெயரை நீக்கி, இடத்தைத் தெரு அல்லது ஊர் அளவில் மட்டும் காட்டலாம். ஆனால் கிணற்றின் உரிமையாளருக்கும் அந்நீரைக் குடிப்பவர்களுக்கும் முடிவை முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆய்வாளர் தம் கட்டுரை வெளியாகும் வரை குறிப்பிட்ட காலம் தரவை வைத்திருந்து பின் வெளியிடும் வழக்கமும் உள்ளது. குடிநீரில் உடனடித் தீங்கு காணப்படும்போது இவ்விலக்கு பொருந்தாது.

சென்னையின் ஏரிகளில் உள்ள நீர் இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டு வருகின்றது. அதனைச் செய்தித்தாள்களும் ஆய்வாளர்களும் பொதுமக்களும் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை நசரத்பேட்டைவாசி ஒருவர் சில நொடிகளில் அறிந்துகொள்ள முடிகின்றது. அந்நீரும் தம் கிணற்று நீரும் எத்தகையவை என்பதை அதே எளிமையுடன், அளவீட்டு முறை பற்றிய குறிப்புகளோடு அறிய முடிவதே நீர்த்தரத் தரவுப் பகிர்வின் இலக்கு எனலாம்.

இவற்றையும் பார்க்க

- செம்பரம்பாக்கம் ஏரி
- அடையாறு
- கூவம் ஆறு
- நீர் மாசுபாடு
- தகவல் அறியும் உரிமைச் சட்டம்
- கட்டற்ற மென்பொருள்