காசு கொடுத்தவன் தீர்ப்பு

வீடியோ கேம்களுக்கு மார்க் போடுவதில் ஜப்பானின் ஃபாமித்சு பத்திரிகைக்குத் தனிப் பெயர் உண்டு. 1986இல் தொடங்கிய பத்திரிகை அது. நான்கு விமர்சகர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. முழு நாற்பதையும் முதன்முதலில் வாங்கியது 1998இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகாரினா ஆஃப் டைம்'. அந்தக் காலத்தில் கொச்சி நகரின் இடக்கொச்சியிலும் பள்ளுருத்தியிலும் கேம் ஆடி வளர்ந்த பையன்களுக்கு இந்த நாற்பது மார்க் சமாச்சாரம் எட்டவே இல்லை. அவர்களுடைய அளவுகோலில் காசும் கடிகாரமும்தான் இருந்தன.

கேரளத்துக்குள் கேம் வந்த வழிகளில் முக்கியமானது கல்ஃப் பெட்டி. 1970களிலிருந்து வளைகுடாவுக்குப் போய் விடுமுறைக்குத் திரும்பியவர்களின் பெட்டியில் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் டைகர் பாமும் இருக்கும். பிறகு அவற்றோடு டிவி கேமும் சேர்ந்துகொண்டது. கடையில் முறைப்படி வாங்கலாமே என்றால் விலை அப்படி. 1995இல் சேகா நிறுவனம் தன் மெகா டிரைவை இந்தியாவில் விற்க ஷா வாலஸுடன் ஒப்பந்தம் போட்டது. ஆம், விஸ்கிக்குப் பெயர்போன அதே ஷா வாலஸ்தான். 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு அது. அப்படியும் விலை 18,000 ரூபாய். அன்றைய குமாஸ்தா ஒருவர் பல மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால்தான் பெட்டி வீட்டுக்கு வரும்.

ஆகவே ஊரை ஆண்டது நகல்தான். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்த பெட்டிகள் விதவிதமான பெயர்களில் வந்து இறங்கின. சென்னைக்காரர்கள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினார்கள். அதோடு வரும் கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். உள்ளே இருப்பதோ ஏழெட்டு கேம்கள்தான். ஒரே மரியோ முதல் ஸ்டேஜில் தொடங்கினால் ஒரு பெயர், நான்காம் ஸ்டேஜில் தொடங்கினால் இன்னொரு பெயர். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, அடிப்பக்கத்து உலோகப் பற்களில் 'ஃபூ' என்று ஊதிவிட்டு மறுபடி செருகுவார்கள். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பற்கள் கெடும் என்பதுதான் உண்மை. படம் வந்ததற்குக் காரணம் உருவிச் செருகியது.

வீட்டில் பெட்டி இல்லாதவர்களுக்கு வாடகைக் கடை. வீடியோ கேசட் லைப்ரரியின் ஓரத்திலோ ஒரு தனி அறையிலோ இரண்டு டிவி, நான்கு ரிமோட், சுவரில் ஒரு கடிகாரம். "டைம் கழிஞ்ஞு" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் ஃபைனல் பாஸின் கடைசி உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். எது நல்ல கேம் என்ற தீர்ப்பு இந்த இடத்தில்தான் உருவானது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம் என்பதால் வாடகையைப் பங்கு போட முடிந்தது. கான்ட்ரா அப்படித்தான் ராஜாவானது. அதில் முப்பது லைஃப் வாங்கும் பட்டன் வரிசையைத் தெரிந்தவனுக்குக் கடையில் தனி மரியாதை. சண்டை கேமில் தோற்றவன் இடத்தைக் காலி செய்ய வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருப்பான். கேப்காம் 1993இல் ஆர்கேடுக்குக் கொண்டுவந்த 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' இந்தியா முழுக்க 'முஸ்தபா' என்ற பெயரில்தான் புழங்கியது. 'காதல் தேசம்' பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேமில் வரும் மஞ்சள் தொப்பிக்காரனின் பெயர் அது.

ஜப்பானையே ஆட்டிவைத்த டிராகன் குவெஸ்ட்டுக்கு இங்கே இடமே கிடைக்கவில்லை. அதை நாள்கணக்கில் ஆட வேண்டும், பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து நாளை தொடர வேண்டும். மணிக் கணக்கில் காசு வாங்கும் கடையில் அது எப்படிப் பிழைக்கும்? இந்தியர்களுக்குச் சுடுவதும் அடிப்பதும்தான் பிடிக்கும் என்று பின்னாளில் சொன்னவர்கள் இந்த வாடகைக் கணக்கைப் பார்த்திருந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் கேள்வி மாறியது. சிப், டிஜிட் போன்ற பத்திரிகைகள் சிடியோடு வந்தன. அவற்றில் டெமோ கேம்கள் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் கேமுக்கென்றே 'ஸ்கோர்!' என்ற இந்தியப் பத்திரிகையும் வந்தது. ஆனால் பத்துக்கு எட்டு என்ற மார்க்கைவிட, எவ்வளவு ரேம் வேண்டும், எந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைத்தான் கண்கள் முதலில் தேடின. 'நம்ம சிஸ்டத்துல ஓடுமா?' என்பதே அன்றைய விமர்சனத்தின் சாரம். ஒரிஜினல் வாங்க வழியில்லாதவர்களுக்குத் திருட்டு சிடி இருந்தது. 2003இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யின் சீட் கோடுகள் பள்ளி நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் ஏறின. 'பான்சர்' என்று தட்டினால் டாங்கி வரும். கணக்கு வாத்தியார் பிடித்துக் கிழித்தாலும் பக்கத்து பெஞ்சில் இன்னொரு நகல் இருக்கும்.

முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் பிளேஸ்டேஷன் 2 கேம் என்று 2009இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் செய்தது. கடவுளை ரிமோட்டில் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து இந்து மதப் பிரமுகர் ராஜன் ஜெட் எதிர்ப்புக் கிளப்பினார். விமர்சகர்களின் குறை வேறு: கேம் ஆட முடியாத அளவுக்கு மோசம். நம்மவர் செய்தது என்று சலுகை மார்க் போடாமல் விட்டது சரிதான்.

அதற்குள் வெளிநாடுகளில் மார்க் என்பது சம்பள விஷயமாகியிருந்தது. 2001இல் வந்த மெட்டாக்ரிட்டிக் பல விமர்சனங்களின் மார்க்கைச் சராசரியாக்கி ஒரே எண்ணாகத் தந்தது. 2010இல் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' செய்த அப்சிடியன் நிறுவனம் 85 எடுத்தால் போனஸ் என்று பேசியிருந்தது. கிடைத்தது 84.

2023 ஜூலையில் டொரோன்டோவின் விசை கேம்ஸ் 'வெண்பா'வை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின், அம்மா தந்த நைந்த சமையல் குறிப்பேடு. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். குறை சொன்னவர்கள் சொன்னது நீளத்தை: ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேமுக்கு 15 டாலரா?

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதில் குழல் புட்டு அவிக்கும் கட்டம் வருகிறது. குழலின் அடியில் சில்லு என்ற துளைத்தட்டைப் போடாமல் மாவைக் கொட்டினால் நேரே அடிப்பானையில்தான் விழும் என்பது இடக்கொச்சியில் அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தவனுக்கும் தெரியும். சிகாகோவில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அது மூளையைக் கசக்கும் புதிர். நேரத்தை வைத்து மார்க் போட்டால், விடை தெரிந்தவருக்கு இந்தக் கேம் இன்னும் சின்னது, இன்னும் விலை கூடியது. அப்படி ஒரு கணக்கு எவ்வளவு அபத்தம்!

வெளியான நாளிலேயே வெண்பா எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸிலும் வந்தது. மாதச் சந்தா கட்டியவருக்கு 15 டாலர் பேச்சே எழவில்லை. பழைய வாடகைக் கடை மணிக் கணக்கை விட்டுவிட்டு மாதக் கணக்கில் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை குட்டிக் கேம்களுக்குத்தான் லாபம். 2024இல் இண்டிபெண்டண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசும் முதல் கேமுக்கான பாஃப்டா விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன. நீளம் போதுமா என்ற சண்டை ரசிகர்களிடையே இன்னும் தீரவில்லை.