கோட்டை இல்லாத அகழிகள்

இடைக்கால இங்கிலாந்தின் அகழி என்றதும் முற்றுகையும் தொங்குபாலமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்நாட்டில் அடையாளம் காணப்பட்டுள்ள 5,000-க்கும் மேற்பட்ட அகழி மனைகளுள் மிகப் பெரும்பாலானவை கோட்டைகளே அல்ல. சிற்றூர்ப் பிரபுவின் மாளிகை, மடத்துக்குரிய பண்ணை, சிலவிடங்களில் வசதி படைத்த உழவரின் வீடு ஆகியவற்றைச் சூழ்ந்த நாற்கர நீர்ப்பள்ளங்களே அவை. பல மூன்று பக்கங்களோடு நின்றுவிடுகின்றன. படையைத் தடுப்பதே நோக்கமெனில் நான்காம் பக்கத்தை எவர் திறந்து வைப்பார்?

இவற்றுள் பெரும்பகுதி ஏறத்தாழ 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டப்பட்டது. எசெக்ஸ், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர், வார்விக்‌ஷயர் ஆகிய பகுதிகளில் இவை அடர்ந்துள்ளன. நீரைத் தேக்கும் களிமண்ணே காரணம் என்பர். களிமண் அகழியைச் சாத்தியமாக்கியது. வெட்டத் தூண்டியது எது என்பதற்கு அது விடையாகாது.

வார்விக்‌ஷயரே இதற்குச் சான்று. அதன் தெற்கிலுள்ள ஃபெல்டன் பகுதியில் பொதுவயல்களும் நெருங்கிய ஊர்களும் இருந்தன; அகழிகள் குறைவு. வடக்கிலுள்ள ஆர்டன் காட்டுப்பகுதியிலோ, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் சிறு நிலக்கிழார்களும் சுதந்திர உழவர்களும் காடழித்துத் தனிநிலம் திருத்தினர். சிதறிய அப்பண்ணைகளிடையேதான் அகழி மனைகள் மிகுதி. மதிலுக்குக் கொத்தளப் பற்கள் அமைக்க அரச உரிமம் பெறுவது வழக்கம். அதற்குரிய செல்வாக்கோ செல்வமோ இவர்களிடம் இல்லை. மண்வெட்டியும் கூலியாளும் கிடைத்தால் அகழி வெட்டலாம். மேலோரின் கோட்டைக்குரிய அடையாளம் இவ்வாறு புதுநிலக்காரரின் வாசலுக்கு வந்தது. மீன் வளர்ப்பு, வடிகால், திருடரைத் தடுத்தல் முதலிய பயன்களும் உண்டு. எனினும் ஆர்டனின் அகழிகளை முதன்மையாக விளக்குவது இந்தத் தகுதி வேட்கையே எனலாம்.

சொல்லின் வரலாறும் சுவையானது. தமிழில் ‘அகழி’ அகழ்தலிலிருந்து பிறந்தது. ஆங்கில ‘மோட்’ என்பதோ மண்மேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. குவித்த மேட்டின் பெயர் காலப்போக்கில் பள்ளத்துக்குரியதாயிற்று.

வார்விக்‌ஷயரின் பாட்ஸ்லி கிளின்டன், கென்டின் ஐத்தம் மோட் போன்ற மாளிகைகள் இன்றும் நீர் சூழ நிற்கின்றன. பெயரற்ற பண்ணைகளின் அகழிகள் பலவற்றை இருபதாம் நூற்றாண்டின் இயந்திர உழவு நிரவிவிட்டது. நீர் தேங்கிய சேற்றில்தான் மரமும் தோலும் விதைகளும் நூற்றாண்டுகள் கடந்தும் அழியாதிருக்கும். சேறு உலர்ந்ததும், ஆவணங்களில் இடம்பெறாத அவ்வுழவர் விட்டுச்சென்ற தடயங்களும் மட்கத் தொடங்குகின்றன.