வெளியூரில் கிடைத்த வெற்றி: கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கமும் நாமும்

வரவு செலவுக் கணக்கும் மத்ரஸா அறிக்கையும் இடம்பெறும் இம்மலரில் கால்பந்தாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலருக்கு வியப்புத் தோன்றலாம். எமக்கும் அத்தயக்கம் இருந்தது. ஆயினும் நம் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு ஜும்ஆ நாளில் எழுந்த பேச்சு, நூறாண்டுக்கு நெருங்கிய ஒரு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்படி எம்மைத் தூண்டியது. அதனையே இங்கு எழுதுகின்றோம்.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 26, வியாழக்கிழமை. நம் சேத்துப்பட்டு இளைஞர்கள் ஐவர், சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கிற்கு ஆட்டம் பார்க்கச் சென்றிருந்தனர். (சென்னையிலும் ஒரு சேத்துப்பட்டு உண்டு; பயணச்சீட்டு வாங்கும்போது "எந்தச் சேத்துப்பட்டு?" என்ற கேள்விக்கு விடை சொல்லியே நம்மவர்க்கு வயதாகிவிடுகிறது.) இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சென்னையின் எஃப்.சி. அணி அப்பருவத்தில் முதன்முறையாகச் சொந்த மண்ணில் ஆடிய நாள் அது. நம் பிள்ளைகள் நீலச்சட்டை அணிந்து, தொண்டை கிழியக் கத்திவிட்டு, 0-1 என்று தோற்ற வருத்தத்தோடு விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்தனர்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, பட்டு வணிகத்தில் நீண்டகாலம் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அவர்களை அழைத்து விசாரித்தார்.

"யாரோடு தம்பி ஆட்டம்?"

"கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கோடு, தாத்தா. தோற்றுவிட்டோம்."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "முகமதன் ஸ்போர்ட்டிங்கா! இன்னும் ஆடுகிறார்களா? ஜெயித்தும்விட்டார்களா? அல்ஹம்துலில்லாஹ்!"

"நாங்கள் தோற்றுவிட்டு வந்து நிற்கிறோம், நீங்கள் சந்தோஷப்படுகிறீர்களே தாத்தா!" என்றான் ஒருவன். கோபம் பாதி, சிரிப்புப் பாதி. அங்கிருந்த அனைவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பெரியவரின் மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? வங்காளமொழி ஒரு சொல்லும் அறியாதவர், கல்கத்தாவைக் கண்டதுமில்லை.

முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல் கல்கத்தாவில் தோற்றுவிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பெயர் சொல்லும்படியான எதையும் சாதிக்கவில்லை. அக்காலத்தில் கால்பந்து என்றாலே வெள்ளையர் படைப்பிரிவுகளின் ஆட்டம். 1911-இல் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அன்று கல்கத்தா முஸ்லிம்களும் அந்த வெற்றியைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினர் என்பதையும், முஸ்லிம் பத்திரிகைகள் அதனை மனமுவந்து பாராட்டின என்பதையும் நாம் மறத்தலாகாது. பின்னாளில் நடந்தவற்றை எண்ணும்போது இச்செய்தி மேலும் அருமையாகத் தோன்றுகிறது.

1898-இல் தொடங்கிய கல்கத்தா கால்பந்து லீக்கில் 1933 வரை ஓர் இந்திய அணியும் முதலிடம் பெற்றதில்லை. அவ்வாண்டோடு தர்ஹாம் படைப்பிரிவு தொடர்ந்து மூன்று முறை வென்றிருந்தது. 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த முதல் ஆண்டிலேயே லீக்கை வென்றது. அதோடு நிற்கவில்லை. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக வென்றது. இடையில் 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் கிட்டியது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஆவேசத்தால் மட்டும் ஆகவில்லை. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. சேறான மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிய நம் நாட்டு ஆட்டக்காரர்கள் வழுக்கி விழ, பூட்ஸ் அணிந்த சிப்பாய்கள் நிலைத்து நின்று ஆடினர். சங்கத்தின் கால்பந்துச் செயலாளராக இருந்த அஸீஸ் இதனைக் கண்டறிந்து, ஈரமான நாட்களில் தம் அணியினர் எடை குறைந்த பூட்ஸ் அணிந்து ஆடும்படி பழக்கினார். அடுத்து, வங்காளத்தோடு நின்றுவிடாமல் பெங்களூர் முதலான தொலைவூர்களிலிருந்தும் திறமையுள்ளவர்களைத் தேடி அழைத்துவந்தார். கேட்பதற்கு எளியவை, அதுவரை பிறர் செய்யாதவை. அந்த அணியின் முகமது சலீம் 1936-இல் ஸ்காட்லாந்து சென்று, காலில் துணிக்கட்டு மட்டும் கட்டிக்கொண்டு கிளாஸ்கோவின் செல்டிக் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அங்கேயே இருக்கும்படி கேட்டும், ஊர் நினைவு தாளாமல் திரும்பிவிட்டார். பிழைப்பின் பொருட்டு வளைகுடா சென்ற பிள்ளைகளைப் பெற்ற நம் வீட்டினர்க்கு அந்த ஊர் நினைவை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பெரியவர் கூறிய ஒரு செய்தி. அவருடைய அத்தா, கச்சாப் பட்டு வாங்குவதற்காகப் பெங்களூருக்கு அடிக்கடி சென்றுவருவாராம். அங்குதான் அவருக்குக் கால்பந்துப் பித்துப் பிடித்தது. ஆனால் அவர் ஆதரித்தது முகமதனை அன்று. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்னும் அணியை! 1937-இல் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இவ்விரு அணிகளுமே மோதின. பெங்களூர் முஸ்லிம்ஸ் 1-0 என வென்று, அக்கோப்பையைப் பெற்ற முதல் இந்திய அணியாயிற்று. மறு ஆண்டும் அதுவே வென்றது. 1940-இல் மீண்டும் இவ்விரு அணிகள். இம்முறை முகமதன் 1-0. "அன்று அத்தா வீட்டில் சாப்பிடவில்லை என்று உம்மா சொல்வார்கள்" என்றார் பெரியவர். இரண்டும் முஸ்லிம் பெயர் தாங்கிய அணிகளாயினும், தமக்குப் பட்டும் நட்பும் தந்த ஊரின் அணி தோற்றதை அம்மனிதரால் பொறுக்க முடியவில்லை. சென்னைக்காகத் தொண்டை கட்டிய நம் பிள்ளைகளுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு என்று எமக்குத் தோன்றியது.

அதே 1940-இல்தான் பெரிய வெற்றி வந்தது. டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவில் ஆங்கிலேய அதிகாரி மார்ட்டிமர் டூரண்ட் தொடங்கியது. அரை நூற்றாண்டாக இந்திய அணி எதுவும் அதனை வென்றதில்லை. முதன்முறையாகப் போட்டி மலையிலிருந்து இறங்கிப் புதுதில்லிக்கு வந்தது. இறுதியாட்டம் டிசம்பர் மாதத்தில் இர்வின் அரங்கில். பிற்காலத்தில் தியான் சந்த் பெயரைத் தாங்கிய அதே அரங்கம். எதிரணி ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவு. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆட்சியாளரின் தலைநகரில், ஆட்சியாளரின் படையை எதிர்த்து, வைசிராய் முன்னிலையில் ஆட வேண்டும். கல்கத்தாவின் சேறும் இல்லை, சொந்த மைதானத்தின் ஆரவாரமும் இல்லை என்றே எண்ணியிருப்பர். ஆனால் பல ஊர்களிலிருந்தும் இரயில் ஏறி ஆதரவாளர்கள் தில்லியில் திரண்டுவிட்டனர். ஹாஃபிஸ் ரஷீதும் சாபுவும் கோல் போட, முகமதன் 2-1 என வென்றது. அவ்வாட்டத்தின் நடுவர் கேப்டன் ஹர்னாம் சிங். டூரண்ட் இறுதியாட்டத்தை நடத்திய முதல் இந்தியர். ஆங்கிலேயப் படையணி ஒரு பக்கம், முஸ்லிம் பெயர் கொண்ட அணி மறுபக்கம், நடுவில் ஊதல் ஒரு சீக்கியர் கையில். லீக், ரோவர்ஸ், டூரண்ட் என மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே சங்கத்திடம் வந்து சேர்ந்தன.

அச்செய்தி இந்தியாவெங்கும் முஸ்லிம் வீடுகளில் பெருமிதத்தைத் தந்தது. கல்வியிலும் அரசுப் பதவிகளிலும் பின்தங்கிவிட்டோம் என்ற ஏக்கம் நிறைந்திருந்த ஒரு சமுதாயத்திற்கு, ஆளும் படையைத் தோற்கடித்த பதினொருவர் எத்தகைய ஆறுதல் என்பதை ஊகிக்கலாம். நம் பெரியவரின் மகிழ்ச்சிக்கு வேர் இதுவே. பெங்களூர்க்காரரான அவருடைய அத்தாவும் தில்லி வெற்றிக்கு மட்டும் இனிப்பு வாங்கி வந்தாராம்.

எனினும் வரலாறு எழுதுவோர் பாதியை மறைத்தல் தகாது. டூரண்ட் இறுதி நடந்த அதே ஆண்டின் மார்ச்சில்தான் லாகூர்த் தீர்மானம் நிறைவேறிற்று. நாடு இரு முகாம்களாகப் பிரிந்துகொண்டிருந்தது. மைதானமும் அதற்குத் தப்பவில்லை. 1911-இல் மோகன் பகானுக்காக மகிழ்ந்தவர்களின் பிள்ளைகள், முப்பதுகளின் பிற்பகுதியில் அதே மோகன் பகானின் ஆதரவாளர்களோடு கைகலந்தனர். ஒரு தரப்புப் பத்திரிகைகள் முகமதனின் வெற்றிகளை முணுமுணுப்போடு வரவேற்றன. மறுதரப்புப் பத்திரிகைகள் கோல்களை வாக்குகளைப் போல் எண்ணின. ஆடியவர்கள் பந்தைத்தான் உதைத்தனர். அரசியலை ஏற்றியவர்கள் திண்ணையில் அமர்ந்திருந்தோர். அத்தவறில் நம்மவருக்கும் பங்கு உண்டு என்பதே எமது கருத்து. இதனை ஏற்காதவர் நம் ஜமாஅத்திலும் இருப்பர். அடுத்த மலரில் எழுதட்டும்.

1947-இல் பிரிவினை வந்தது. சங்கம் கல்கத்தாவிலேயே இருந்தது. கலவரத்தின் காயம் ஆறாத 1948-இல் மீண்டும் லீக்கை வென்றது. 1960-இல் டாக்காவுக்குச் சென்று ஆகா கான் தங்கக் கோப்பையை வென்று திரும்பியது. அதுவும் வெளியூர் வெற்றியே. 1981-க்குப் பின் லீக் கோப்பை கைக்கு எட்டவில்லை. நாற்பது ஆண்டுகள்! 2021-இல்தான் அது மீண்டது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் நிலைத்தது.

பின்னர் 2024 ஏப்ரல் 6, ரமளானின் கடைசிப் பத்து. ஷில்லாங் நகரில் ஷில்லாங் லஜோங் அணியை 2-1 என வென்று ஐ-லீக்கைக் கைப்பற்றியது முகமதன். ஒரு கோல் அர்ஜென்டினாவின் அலெக்சிஸ் கோமஸ், மற்றொன்று ரஷ்யாவின் கோஸ்லோவ். அவ்வெற்றியே இந்தியன் சூப்பர் லீக்கின் கதவைத் திறந்தது. முதல் ஆட்டத்தில் தோல்வி, இரண்டாவதில் சமநிலை, மூன்றாவது சென்னையில். 39-ஆம் நிமிடத்தில் கோல் போட்டவர் லால்ரெம்சங்கா என்னும் மிசோரம் இளைஞர். பயிற்சியாளர் ஆந்திரேய் செர்னிஷோவ், ரஷ்யர். முப்பதுகளில் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளை மட்டுமே களமிறக்கிய சங்கம் இன்று எந்த ஊர்ப் பிள்ளையையும் தன் பிள்ளையாக்கிக்கொள்கிறது. இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நன்றாக ஆடினானா?" என்று மட்டும் கேட்டார்.

"நன்றாகத்தான் ஆடினான் தாத்தா" என்று ஒப்புக்கொண்டான் நீலச்சட்டை.

சங்கத்திற்கு அப்பருவம் நல்லதாக அமையவில்லை. ஊதிய நெருக்கடி, பயிற்சியாளர் விலகல் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பதின்மூன்று அணிகளில் கடைசி இடம். இருபத்து நான்கு ஆட்டங்களில் வெற்றி இரண்டே. இரண்டும் வெளியூரில். முதலாவது சென்னையில் நம் பிள்ளைகள் கண்டது. இரண்டாவது, 2025 ஜனவரி 11 அன்று பெங்களூர் கண்டீரவா அரங்கில். 88-ஆம் நிமிடத்தில் உஸ்பெகிஸ்தானின் காசிமோவ் அடித்த ஃப்ரீ கிக்கில் 1-0.

அச்செய்தியை அதே இளைஞன் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் ஓடிவந்து சொன்னான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பெங்களூரிலா? ஒன்றுக்கு சைபரா? அத்தா இருந்திருந்தால் இன்றைக்கும் சாப்பிட்டிருக்க மாட்டார்."