ஒரே சனி, இரண்டு தேதி

2023 ஜனவரி 17-ல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். திருநள்ளாற்றிலோ வாக்கியப்படி டிசம்பர் 20-ல்தான் விழா. வானில் இருப்பதென்னவோ ஒரே சனிதான்.

வாக்கியம் பழைய வாய்பாடுகளை அப்படியே வைத்துக் கணிப்பது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சிறு பிசகுகள் சேர்ந்துவிடும். நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துத் திருத்தச் சொன்னார். திருத்திய பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிடவும் செய்தார்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. கணக்கு தப்பென்றால், இத்தனை வருடம் கொடுத்த திதியெல்லாம் என்னாவது என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்த வாய்பாடுகளை எழுதிய முன்னோரும் வானத்தைப் பார்த்துத்தானே எழுதினார்கள்? அப்பாவின் திதியை நான் திருக்கணிதப்படியே கொடுக்கிறேன். பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.