நாய் வண்டி நின்ற கதை

தேரடிப் பக்கம் நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு பென்ஷன், மெட்ரோ ரயில், முட்டிவலி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் தெருநாயில் வந்து நிற்கிறது. "அந்தக் காலத்துல கார்ப்பரேஷன் நாய் வண்டி வரும், பிடிச்சிட்டுப் போயிடுவான், ஊர் நிம்மதியா இருந்தது. இப்ப ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, அதே தெருவுல கொண்டுவந்து விட்டுட்டுப் போறான். இது என்ன நியாயம்?" என்று ஒருவராவது கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அந்தக் காலத்தில் என்ன நடந்தது, அதை ஏன் நிறுத்தினார்கள் என்பதைத் தேதிவாரியாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பிராணிகளைக் காப்பாற்றும் சங்கங்கள் நாய்க்காக ஆரம்பிக்கப்பட்டவை அல்ல. 1824-ல் லண்டனில் தோன்றிய சங்கம் வண்டிக் குதிரைக்கும் மாட்டுக்கும் பரிந்து பேச வந்தது. அதே வழியில் 1861-ல் கல்கத்தாவில் ஒரு சங்கம் ஏற்பட்டது. பிறகு நம் சென்னையிலும் ஏற்பட்டு, வேப்பேரியில் நிலைகொண்டது. எஸ்.பி.சி.ஏ. என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து மூட்டை ஏற்றிவந்த கட்டை வண்டிகளும் ஜட்கா வண்டிகளும் ஓடிய காலம் அது. கழுத்தில் புண்ணோடு மாட்டைப் பூட்டினால் வண்டிக்காரர் மேல் வழக்குப் பாயும். 1906-ல் தொடங்கிய அயனாவரம் கொன்னூர் நெடுஞ்சாலை பிஞ்ச்ராபோல் வயதான மாடுகளுக்கு இடம் கொடுத்தது. உழைத்த பிராணிக்கு முதுமையில் ஒரு கொட்டில் வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட தர்மம். உழைக்காத, உடையவன் இல்லாத தெருநாய்க்கு அந்தக் கொட்டிலில் இடமில்லை.

நாய் விஷயத்தில் வெள்ளைக்காரர்களின் அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே வழி ஒழிப்பதுதான். பம்பாயில் 1832-ல் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பணமும் கொடுத்தார்கள். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் வெகுண்டெழுந்து, கோட்டைப் பகுதியில் கடையடைப்பும் கலவரமும் நடந்தன. சென்னை நகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-ல் என்று, பழைய விவரங்களைத் தேடிப் பார்த்த புளூ கிராஸ் அமைப்பினர் சொல்கிறார்கள். அதே 1860-ல்தான் லண்டனில் மேரி டீல்பி என்ற அம்மையார் திக்கற்ற நாய்களுக்காக ஒரு விடுதி திறந்தார். அதுதான் பின்னால் பாட்டர்சீ நாய்கள் இல்லம் என்று பேர்பெற்றது. அரசாண்டவர்களின் ஊரில் விடுதி, ஆளப்பட்டவர்களின் ஊரில் தடி!

நாய் வண்டியைப் பார்த்தவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். கம்பி போட்ட கூண்டு வண்டி. கழுத்தில் சுருக்கு மாட்டி இழுத்து உள்ளே தள்ளுவார்கள். தெருப் பையன்கள் முன்னால் ஓடி, வளர்க்கிற நாயை வீட்டுக்குள் விரட்டிக் கதவைச் சாத்துவார்கள். வண்டி போய்ச் சேரும் இடம் புளியந்தோப்பு, பேசின் பிரிட்ஜ் அருகில் இருந்த மாநகராட்சி நாய்ப் பட்டி. அங்கே மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதற்கென்றே ஓர் அறை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இப்படிச் செத்த நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியிருந்தது என்றால், அவற்றின் தோலிலிருந்து கழுத்து டை, பர்ஸ் போன்றவை செய்ய அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் முயன்றார்கள் என்று தியடோர் பாஸ்கரன் எழுதியிருக்கிறார். 1990களின் நடுவில் ஒரே நாளில் 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாகப் புளூ கிராஸ் கணக்கு சொல்கிறது.

நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்ற பிறகும் நாளுக்கு 135 நாய் அகப்படுகிறது என்றால் என்ன அர்த்தம்? கொன்றதால் நாய் குறையவில்லை என்றுதானே!

இவ்வளவு தூரம் கொன்றதற்குக் கொடூர மனம் மட்டும் காரணமில்லை. பயம்தான் பெரிய காரணம். வெறிநாய்க்கடி கண்டு, தண்ணீரைப் பார்த்தே நடுங்கும் நிலை வந்துவிட்டால் பிழைப்பதில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்த நோய்க்கு 'ராழ்' என்று பெயர். அடக்கமுடியாத கோபத்துக்கும் அதே சொல்தான். நம் தமிழிலும் 'வெறி' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. லூயி பாஸ்டர் எங்கள் பாடப் புத்தகங்களில் ஒரு கதாநாயகர். 1885 ஜூலை 6 அன்று, அல்சாஸ் பகுதியிலிருந்து தாயார் அழைத்துவந்த ஜோசப் மெய்ஸ்தேர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதல் தடுப்பூசி போடப்பட்டது. பையன் பிழைத்தான். பெரியவனானதும் பாரிஸில் பாஸ்டர் நிலையத்திலேயே வாயில்காப்பாளராக வேலை பார்த்தான். பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28-ஐத்தான் இன்று உலக வெறிநோய் நாளாக வைத்திருக்கிறார்கள்.

அந்த மருந்து தென்னிந்தியாவுக்கு வர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1902-ல் லில்லி பேக்கனம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அந்த மரணம் எழுப்பிய வருத்தத்திலும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையிலும் 1907-ல் குன்னூர் பாஸ்டர் நிலையம் எழுந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சொல்லியே நம்மைப் பயமுறுத்தி வளர்த்தார்களே, அதுதான். 2004-05 வாக்கில் அதை நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் போடும் ஊசி, நாலைந்து முறை, அவ்வளவுதான்.

நாய் விஷயத்தில் வேறு வழி ஒன்று உண்டு என்று முதலில் சொன்னவர்கள் அதிகாரிகள் அல்ல, ஒரு விமானி தம்பதி. கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். உஷா சுந்தரம் சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பேசப்படுபவர். 1959-ல் தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்ததில் தொடங்கியது புளூ கிராஸ். அவர்கள் பிள்ளை சின்னி கிருஷ்ணாவும் இதிலேயே வாழ்நாளைக் கொடுத்தவர். 1964-லேயே இவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். நாயைக் கொல்லாதீர்கள். பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விடுங்கள். சுருக்கமாக ஏ.பி.சி. என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். குழந்தைக்கும் ஏ.பி.சி. புரியுமே, கார்ப்பரேஷனுக்குப் புரியாதா என்ற கிண்டல் அதில் இருந்தது போலும். கார்ப்பரேஷனுக்குப் புரிய 32 ஆண்டுகள் பிடித்தன.

இடையில் சட்டம் நகர்ந்தது. அதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டிருந்த ருக்மணி தேவி அருண்டேல் 1953-ல் பிராணிவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு, அரசே ஒரு மசோதா கொண்டுவரும் என்று உறுதி சொல்ல, 1960-ல் சட்டம் ஆயிற்று. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே தலைவர். நீண்ட காலம் அதன் அலுவலகமும் சென்னையில்தான் இருந்தது.

கொல்வது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விளக்கம் எளிது. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழும் என்பதை நாய் முடிவு செய்வதில்லை, அந்தத் தெருக் குப்பை முடிவு செய்கிறது. காசிமேட்டு மீன் கழிவும், கறிக்கடை ஓரத்துக் கழிவும், கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நாய் அங்கே பிழைக்கும். நாலு நாயைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த இடம் காலியாக இருக்காது. பக்கத்துத் தெரு நாய் வரும், மிஞ்சியது குட்டி போடும். நாய்க்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். ஊசி போட்ட பழகிய நாய் போய், ஊசி போடாத புது நாய் வந்தால் ஆபத்து கூடுகிறது. தெருநாயைக் கொன்று எங்கும் வெறிநோய் குறைந்ததற்கு ஆதாரமில்லை என்று 1992-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் சொல்லிவிட்டது. ஒரு பகுதி நாய்களில் 100-க்கு 70-க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

1996-ல் சென்னை மாநகராட்சி இறங்கிவந்தது. தென் சென்னையில் புளூ கிராஸுடன் தொடங்கி, பின்னர் வட சென்னைக்கும் திட்டம் விரிந்தது. கொலை அறை மூடப்பட்டது. அதே புளியந்தோப்பில் இன்று கருத்தடை மையம் நடக்கிறது. கொல்வதற்காக வண்டி போன இடத்துக்கே இன்று ஆபரேஷனுக்காக வண்டி போகிறது. இந்த ஊர் சரித்திரத்தில் இது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சென்னையைப் பார்த்துத்தான் 2001-ல் மத்திய அரசும் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 2023-ல் அவை திருத்தி எழுதப்பட்டன.

நமக்கு மட்டும் இது தாமதமாக வந்தது. 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். டோல்கேட்டைத் தாண்டினால் சென்னை மாநகராட்சியின் வலையும் இல்லை, ஊசியும் இல்லை. நாய்க்கு எல்லைக் கல் தெரியுமா? அந்தப் பக்கம் ஆபரேஷன் செய்த நாயும் இந்தப் பக்கம் செய்யாத நாயும் ஒரே குப்பைத் தொட்டியில்தான் சாப்பிட்டன. 2011 அக்டோபரில் நாம் மாநகராட்சியின் முதல் மண்டலம் ஆனோம். ஒரு விஸ்தீரணத்துக்குப் போட்ட திட்டம் இரண்டு மடங்குக்கு மேலான விஸ்தீரணத்தைச் சுமக்க வேண்டியதாயிற்று.

விளைவு தெரிகிறது. 2018 கணக்கெடுப்பில் சுமார் 57 ஆயிரமாக இருந்த சென்னைத் தெருநாய்கள், 2024 கணக்கெடுப்பில் 1.81 லட்சம். ஆகவே தேரடியில் பேசுகிறவர்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பேரக்குழந்தை கடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்தத் தாத்தாவிடம் போய் 1860, 1964 என்று சரித்திரம் பேச முடியாது. உச்ச நீதிமன்றத்திலேயே 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவாகி, 11 நாள் கழித்து, வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றை ஆபரேஷன், ஊசிக்குப் பின் எடுத்த இடத்தில் விடலாம் என்று மாறியது. நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார்கள்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். காப்பகம் ஒன்றுக்கு 500 நாய் என்றாலும் சென்னைக்கு மட்டும் 362 காப்பகம் வேண்டும். ஒரு நாய்க்கு ஒரு நாள் சோற்றுக்கு 40 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 72 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இடத்துக்கும் டாக்டருக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு தனி. அடிபட்டது, நோயுற்றது, கண் திறக்காத குட்டி, மூர்க்கமானது ஆகியவற்றுக்குத்தான் காப்பகம் தாங்கும். மற்றதற்குக் காப்பகம் என்பது சில நாள் தங்கித் திரும்பும் ஆஸ்பத்திரி. 2023 டிசம்பரில் எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தபோது, எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களைப் பிடித்துக் கழுவி விட முயன்றவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். எடுத்து, சுத்தம் செய்து, அதன் இடத்துக்கே அனுப்புவது.

மீதி வேலை தெருவுக்கு உரியது. உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள். நுனியில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று பொருள். வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை என்று எண்ணி, மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து தெரு பெயரோடு சொல்லலாம். சோறு வைக்கிறவர்கள் நடைபாதையிலும் பள்ளிக்கூட வாசலிலும் வைக்காமல் ஒதுக்குப்புறமாக வைக்கலாம். கறிக்கடைக்காரரிடம் கழிவை மூடி வைக்கச் சொல்லலாம். யாரையாவது நாய் கடித்தால் மஞ்சளும் மிளகாயும் சுண்ணாம்பும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். ஊசி இலவசம். எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். மூன்றாவதோடு நிறுத்திவிடுகிறவர்கள் நம் வயதுக்காரர்களில்தான் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.