பெல்ட் இறுக்கும் வளைபட்டை

டீசல் எஞ்சினில் டைனமோவை வேண்டிய தூரத்தில் நிறுத்தி, பெல்ட் தளராமல் பிடித்துக்கொள்ளும் வில் வடிவ இரும்புப் பட்டை. இதன் ஒரு முனை எஞ்சினோடு அசையாமல் இறுக்கப்படும்; நடுவே ஓடும் வளைந்த நீள்துளையில் டைனமோவின் போல்ட் நகரும். பார்வைக்கு எளிய பாகம்தான். ஆனால் அந்தத் துளை சற்றே பிசகினாலும் போல்ட் பாதி வழியில் கடித்து நின்றுவிடும்.

இத்தகைய எஞ்சினில் ஓடும் விசைப்படகுகள் கேரளத்தில் பெருக வழிவகுத்தது இந்திய-நார்வே திட்டம். 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கி, 1963இல் எர்ணாகுளத்துக்கு மாறியது. இன்று மட்டாஞ்சேரியை அடுத்துள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் குமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்தாரின் ஆழ்கடல் படகுகளும் தங்கித் தொழில் செய்கின்றன. ஜூன் 9 நள்ளிரவு தொடங்கும் 52 நாள் இழுவலைத் தடைக்காலமே இழுவைப் படகுகளைப் பழுதுபார்க்கத் தோதான காலம். வளைபட்டை உடைந்திருந்தால் அதற்கு மாற்றை வீட்டுப் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

பழைய பட்டையை வைத்து அச்செடுப்பது கூடாது. அது தேய்ந்தும் வளைந்தும் இருக்கும். டைனமோ எந்தப் போல்ட்டில் ஆடுகிறதோ அதன் மையத்திலிருந்து, இறுக்கும் போல்ட்டின் மையம் வரையுள்ள தூரமே ஆரம். அதை எஞ்சினிலேயே அளக்க வேண்டும். ஆரம் 140 மி.மீ., போல்ட் 8 மி.மீ. என்று கொள்வோம். துளையின் அகலம் 9 மி.மீ. ஆகவே 135.5, 140, 144.5 என மூன்று வில்கள் வரைய வேண்டும். இவற்றின் மையம், பட்டை வெட்டும் தகட்டுக்கு வெளியே விழும். தகட்டை ஒரு பலகையில் திருகி, மையம் விழும் இடத்தில் அதே தடிமனுள்ள இரும்புத் துண்டு ஒன்றையும் பொருத்தி, அதில் பஞ்ச் அடித்துக்கொண்டால் டிவைடரின் இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும். உப்புத்தாள் போட்டுத் துலக்கிய இரும்பில் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் மெல்லிய செம்புப் பூச்சு படியும். அதன்மேல் கீறிய கோடு வெள்ளியாய்த் தெரியும். கொச்சியின் மழைக்கால ஈரத்தில் அந்தக் கரைசலைக் கழுவி எண்ணெய் தடவாமல் விட்டால் மறுநாளே துரு ஏறிவிடும்.

துளையின் நீளம் நடு வில்லில் 70 மி.மீ. என்றால் கோணம் சுமார் 28.6 பாகை. இரு முனை மையங்களுக்கும் நேர்த்தூரம் 69.3 மி.மீ.; டிவைடரை அந்த அளவுக்கு வைத்தாலே இரண்டாவது முனை கிடைத்துவிடும். ஓரக் கோடுகளில் நெருக்கமாகச் சிறு பஞ்ச் புள்ளிகள் இடுவது அவசியம். ராவி முடித்ததும் ஒவ்வொரு புள்ளியிலும் பாதி மிஞ்சியிருந்தால் அளவு சரி.

மில்லிங் மெஷினும் ரோட்டரி டேபிளும் இருந்தால் வேலை சுருக்கம். 90:1 விகித டேபிளில் கைப்பிடியின் ஒரு சுற்று 4 பாகை. ஏழு சுற்றுக்குச் சற்றே மேல் போதும். 8 மி.மீ. கட்டரால் நடுவே ஓட்டி, பிறகு இரு சுவர்களையும் அரை மி.மீ. வீதம் திறக்க வேண்டும். இவை இல்லாதவர்கள் நடு வில்லில் 9 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, இடைச்சுவர்களை உளியால் வெட்டி, அரத்தால் முடிக்கலாம். வெளிச்சுவர் குழிந்தது, அதற்கு அரைவட்ட அரம்; உட்சுவர் புடைத்தது, அதற்குத் தட்டை அரம். இரண்டுக்கும் ஒரே அரத்தைப் பிடிப்பவர்கள்தான் துளையைக் கெடுக்கிறார்கள்.

பிசிறு நீக்கிய பட்டையை பெயின்ட் அடிக்கும் முன்பே எஞ்சினில் பூட்டி, டைனமோவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். போல்ட் எங்கு உரசுகிறதோ அங்கு மட்டும் அரம் படட்டும்.